கொள்ளிச்சட்டி ஏந்திய கை: சாவித்திரிபாய் ஃபுலே



சாவித்திரிபாய் ஃபுலே என்ற பெயரை நீங்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய முன்னோடி ஆசிரியை என்று நம் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கும். ஜனவரி 3-ம் தேதி பிறந்தநாள் வரும்போது அவர் படத்தைப் பலரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அவர் வாழ்க்கையின் இன்னொரு பக்கம் நம்மில் பலருக்குத் தெரியாது. கல்யாணத்தையும் சாவுச் சடங்கையும் தன் மனசாட்சிக்குப் பொருந்தும்படி மாற்றி நடத்திக் காட்டியவர் அவர். அதற்கான விலையையும் கொடுத்தார். இந்தக் காலாண்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

ஒரு காரணமும் இருக்கிறது. நம்மைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு துக்கம் நடந்தால் இப்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, யார் கொள்ளி வைப்பது என்பதுதான். மகன் வெளிநாட்டில், டிக்கெட் கிடைக்கவில்லை. மகள் பக்கத்து பிளாக்கில்தான் இருக்கிறார். ஆனாலும் பெரியவர்கள் கூடி நின்று யோசிக்கிறார்கள். 130 ஆண்டுகளுக்கு முன்பு புணே நகரத்தில் இதே கேள்வி எழுந்தது. அதற்குச் சாவித்திரிபாய் என்ன பதில் சொன்னார் என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

ஒன்பது வயது மணப்பெண்

சாவித்திரிபாய் 1831-ம் ஆண்டு ஜனவரி 3-ம் தேதி, இன்றைய மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் உள்ள நாய்காவ் என்ற சிற்றூரில் பிறந்தார். பூவும் காய்கறியும் பயிரிடும் மாலி சமூகத்துக் குடும்பம். 1840-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது 9. மாப்பிள்ளை ஜோதிராவுக்கு 13. அந்தக் காலத்து வழக்கப்படி நடந்த கல்யாணம். மந்திரம் என்ன சொல்கிறது என்பது பெண்ணுக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்பது வயதுக் குழந்தை என்ன சொல்லியிருக்கும்?

புகுந்த வீட்டுக்கு வந்தபோது சாவித்திரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. ஜோதிராவ்தான் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு முறையாக ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

1848-ல் ஜோதிராவுக்கு ஒரு கசப்பான அனுபவம் ஏற்பட்டது. பிராமண நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. மகிழ்ச்சியாகப் போனார். ஊர்வலத்தில் மற்றவர்களோடு சேர்ந்து நடந்தபோது, சூத்திரன் எங்களுக்குச் சமமாக நடப்பதா என்று உறவினர் ஒருவர் அவமானப்படுத்தினார். 21 வயது இளைஞர் கண்கலங்கி வீடு திரும்பினார். கல்யாணம் என்பது இரண்டு பேர் சேரும் விழா மட்டுமல்ல, யார் மேலே, யார் கீழே என்று ஊருக்கே அறிவிக்கும் மேடையாகவும் இருக்கிறது என்பதை அவர் அன்று நேரில் பார்த்தார். பிற்காலத்தில் இந்தத் தம்பதி கல்யாணச் சடங்கையே மாற்ற முனைந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு விதை.

சாணியும் சேலையும்

அதே 1848-ல் புணேயின் பிடேவாடா என்ற கட்டடத்தில் பெண் குழந்தைகளுக்கான பள்ளியை இருவரும் தொடங்கினார்கள். சாவித்திரிபாய் ஆசிரியை ஆனார். அவர் பள்ளிக்கு நடந்து போகும் வழியில் சிலர் சாணியையும் சேற்றையும் வீசினார்கள். அதனால் பையில் மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துப் போவார். பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவார். இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிய மாமனார், பள்ளியை விடுங்கள் அல்லது வீட்டை விடுங்கள் என்று சொல்லிவிட்டார். 1849-ல் இருவரும் வீட்டை விட்டார்கள். ஃபாத்திமா ஷேக் என்ற தோழி பள்ளி வேலையில் துணை நின்றார். 1856-ல் உடல்நலமில்லாமல் பிறந்த ஊரில் தங்கியிருந்தபோது கணவருக்கு எழுதிய கடிதத்தில், தான் இல்லாததால் ஃபாத்திமாவுக்கு வேலைப் பளு கூடியிருக்குமே என்று சாவித்திரிபாய் கவலைப்படுகிறார். இதற்கிடையே 1854-ல் அவருடைய கவிதைத் தொகுப்பும் வெளியாகிவிட்டது.

1868-ல் நாய்காவிலிருந்து அவர் எழுதிய இன்னொரு கடிதம் நம் விஷயத்துக்கு நேரடியாக வருகிறது. அந்த ஊரில் கணேஷ் என்ற பிராமண இளைஞனும் சார்ஜா என்ற மகர் சாதிப் பெண்ணும் காதலித்தார்கள். பெண் கர்ப்பமாக இருந்தார். விஷயம் தெரிந்ததும் ஊரார் இருவரையும் அடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள், கொன்றுவிடும் நோக்கத்தோடு. சாவித்திரிபாய் ஓடிப் போய்க் குறுக்கே நின்றார். கொலை செய்தால் ஆங்கிலேயர் சட்டம் சும்மா விடாது என்று எச்சரித்தார். இருவரும் ஊரைவிட்டே போக வேண்டும் என்று கூட்டம் இறங்கி வந்தது. அவர்களைப் புணேக்கு, கணவரிடமே அனுப்பி வைத்தார். செய்தித்தாளில் இன்றும் இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கிறோம். குறுக்கே நிற்க ஒரு ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

வீட்டுக்குள் ஒரு பிரசவ விடுதி

அந்தக் காலத்தில் உயர்சாதிக் குடும்பங்களில் சிறுவயதிலேயே விதவையானவர்களுக்கு மறுமணம் கிடையாது. தலையை மழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். வீட்டு ஆண்களாலேயே கர்ப்பமாகும் பெண்களும் உண்டு. அவமானத்துக்கு அஞ்சித் தற்கொலை செய்துகொள்வார்கள், இல்லையென்றால் பிறந்த குழந்தையைக் கொன்றுவிடுவார்கள். அப்படிக் குழந்தையைக் கொன்ற ஒரு விதவைக்கு அந்தமான் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தச் செய்தி ஃபுலே தம்பதியை உலுக்கியது.

1863-ல் தங்கள் வீட்டிலேயே ஒரு விடுதியைத் திறந்தார்கள். யாரும் வரலாம், ரகசியமாகப் பிரசவிக்கலாம், குழந்தையை விட்டுவிட்டும் போகலாம். பேறுகாலம் பார்த்ததும் குழந்தைகளைக் கவனித்ததும் சாவித்திரிபாய்தான். 1884-ல் ஜோதிராவ் எழுதிய குறிப்பின்படி அதுவரை 35 பெண்கள் அங்கு வந்திருந்தார்கள்.

அப்படி வந்த ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த ஆண் குழந்தையைத் தம்பதி 1874-ல் தத்து எடுத்தார்கள். பெயர் யஷ்வந்த். அவர்களுக்குச் சொந்தக் குழந்தை இல்லை. இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள் என்று உறவினர்கள் வற்புறுத்தியும் ஜோதிராவ் மறுத்துவிட்டிருந்தார். இந்த யஷ்வந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கியமான இடத்தில் மீண்டும் வருவார்.

மணமகள் பேசிய கல்யாணம்

1873 செப்டம்பர் 24-ம் தேதி சத்யசோதக் சமாஜ், அதாவது உண்மை தேடுவோர் சங்கம், புணேயில் தொடங்கப்பட்டது. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் தரகர் வேண்டாம் என்பது அதன் கொள்கை. அதன் மகளிர் பிரிவுக்குச் சாவித்திரிபாய் பொறுப்பேற்றார். கொள்கையைப் பேசினால் மட்டும் போதாது, வீட்டு விசேஷத்தில் காட்ட வேண்டும் என்று நினைத்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி முதல் சத்யசோதகத் திருமணம் நடந்தது. மணமகள் சாவித்திரிபாயின் தோழியின் மகள். புரோகிதர் இல்லை, வரதட்சணை இல்லை. செலவு என்று பார்த்தால் வெற்றிலை பாக்கு அளவுதான். அதையும் சாவித்திரிபாயே ஏற்றுக்கொண்டார். மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். வழக்கமாகச் சமஸ்கிருதத்தில் ஓதப்படும் மங்கலாஷ்டகத்துக்குப் பதிலாக, மராத்தியில் ஜோதிராவ் எழுதித் தந்த செய்யுள்களை மணமக்களே சொன்னார்கள். பெண்களுக்கு உரிமை மறுக்கப்படுவதை மணமகள் எடுத்துச் சொல்லி, அந்த உரிமையைத் தர வேண்டும் என்று கேட்பார். பெண்ணுக்கு உரிய உரிமையை மதிப்பேன் என்று மணமகன் சபையில் உறுதி கொடுப்பார். கூடியிருந்தவர்கள் வாழ்த்துவார்கள். அவ்வளவுதான் கல்யாணம்.

யோசித்துப் பாருங்கள். ஒன்பது வயதில் வாய் திறக்காமல் மணமேடையில் உட்கார வைக்கப்பட்ட பெண், 42 வயதில் இன்னொரு பெண்ணை மணமேடையில் பேச வைத்தார்.

எதிர்ப்பு உடனே வந்தது. கல்யாணத்தைப் புரோகிதர் நடத்தினால்தான் செல்லும் என்று ஒரு பக்கம் பேச்சு. புரோகிதம் செய்யாவிட்டாலும் தட்சணை எங்கள் பரம்பரை உரிமை என்று இன்னொரு பக்கம் வழக்கு. ஜுன்னர் வட்டாரத்தில் ஓத்தூர் என்ற ஊரில் 1884-ல் புரோகிதரைக் கூப்பிடாமல் கல்யாணம் நடத்திய குடும்பத்தின் மீது புரோகிதர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சொந்தக் காசில் சொந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் செய்தாலும் வக்கீல் வைக்க வேண்டியிருந்த காலம் அது.

1889 பிப்ரவரி 4-ம் தேதி யஷ்வந்தின் கல்யாணம் வந்தது. பிராமண விதவைக்குப் பிறந்த பிள்ளை என்பதால் பெண் கொடுக்கப் பலர் தயங்கினார்கள். சங்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தன் மகள் ராதாவைக் கொடுக்க முன்வந்தார். சாவித்திரிபாய் இங்கேயும் ஒரு புது வழி செய்தார். கல்யாணத்துக்கு முன்பே ராதாவைத் தங்கள் வீட்டில் வந்து தங்கச் சொன்னார். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளட்டும், பெண் படிப்பைத் தொடரட்டும் என்பது எண்ணம். வருங்கால மருமகள் படிக்க வேண்டும் என்பதற்காக வீட்டு வேலையை மாமியாரே செய்தார். சாதி கடந்த அந்தக் கல்யாணம் சத்யசோதக முறையில் நடந்தது.

1890 நவம்பர் 28

யஷ்வந்தின் கல்யாணத்துக்கு முன்பே ஜோதிராவ் பக்கவாதத்தால் படுத்துவிட்டிருந்தார். வலது கை செயலிழந்தது. இடது கையால் எழுதிப் பழகித் தன் கடைசி நூலை முடித்தார். 1887-லேயே உயிலும் எழுதி, யஷ்வந்தைத் தன் வாரிசாக ஆக்கியிருந்தார். தன் உடலை எரிக்கக் கூடாது, உப்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டுக்குப் பின்னால் குழியும் தயாராக இருந்தது.

1890 நவம்பர் 28-ம் தேதி அவர் காலமானார். ஆசைப்படி அடக்கம் செய்ய முடியவில்லை. குடியிருப்புப் பகுதியில் புதைக்க நகராட்சி அனுமதி தரவில்லை. எனவே தகனம் என்று முடிவானது.

அடுத்த சிக்கல் அங்கேதான் வெடித்தது. மகாராஷ்டிர வழக்கப்படி இறுதி ஊர்வலத்தில் நெருப்புள்ள மண்சட்டியை ஏந்தி முன்னால் நடப்பவர்தான் வாரிசு. நம் ஊரில் கொள்ளிச்சட்டி என்கிறோமே, அதேதான். யஷ்வந்த் சட்டியை எடுக்கப் போனபோது உறவுக்கார ஆண்கள் தடுத்தார்கள். தத்துப் பிள்ளைக்கு உரிமை இல்லை, ரத்த சம்பந்தம் உள்ள எங்களில் ஒருவர்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். சட்டியை எடுப்பவருக்குச் சொத்து என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. உடல் நடுவீட்டில் கிடக்க, வாக்குவாதம் முற்றியது.

59 வயது சாவித்திரிபாய் எழுந்து வந்தார். கணவர் இறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. மற்ற வீடுகளில் அப்படிப்பட்ட பெண்ணை உள்ளே உட்கார வைத்து, மற்ற பெண்கள் சூழ்ந்து அழுதுகொண்டிருப்பார்கள். அவர் சண்டை போடவில்லை. கொள்ளிச்சட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். கணவரின் சிதைக்குத் தானே தீ வைத்தார். மனைவி கணவருக்குக் கொள்ளி வைப்பது அன்று யாரும் கேள்விப்படாத செயல்.

இதை ஒரு கோபத்தில் செய்த காரியமாக நினைத்துவிடாதீர்கள். 50 ஆண்டு கால இல்லறத்தின் கணக்கு அதில் இருந்தது. கல்யாணத்தில் தரகர் வேண்டாம் என்று சொன்னவர், சாவிலும் தன் கணவருக்கும் தனக்கும் நடுவில் யாரையும் நிற்க விடவில்லை. ஜோதிராவின் அஸ்தி அந்த வீட்டு வளாகத்திலேயே வைக்கப்பட்டது. புணேயில் உள்ள அந்த வீடு இன்று நினைவுச்சின்னம். அடுத்த முறை புணே போனால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதன் பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1893-ல் சாஸ்வட் என்ற ஊரில் நடந்த சத்யசோதக் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1897-ல் புணேயில் பிளேக் பரவியபோது, மருத்துவராகியிருந்த யஷ்வந்தோடு சேர்ந்து ஊருக்கு வெளியே சிகிச்சை முகாம் நடத்தினார். நோய் கண்ட ஒரு சிறுவனைத் தானே தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்தார். நோய் அவரையும் தொற்றியது. அந்த ஆண்டு மார்ச் 10-ம் தேதி காலமானார். வயது 66. இன்று புணே பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு என்ன?

நல்ல வாழ்க்கை வரலாறு, நமக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். சாவித்திரிபாய் வழக்குக்கும் வசவுக்கும் நடுவில் செய்தவற்றை நாம் சட்டத்தின் துணையோடு செய்யலாம். நம் மாநிலத்தில் புரோகிதர் இல்லாமல், உறவினர், நண்பர் முன்னிலையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணங்கள் 1967-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் செல்லுபடியாகின்றன. இந்துக்களான மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலே போதும். மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அதுவும் போதும். வெவ்வேறு மதத்தவர் என்றால் 1954-ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். எந்த முறையில் நடத்தினாலும் பதிவு கட்டாயம்.

சாவு விஷயத்தில் இன்னும் எளிது. பெண்கள் மயானத்துக்கு வருவதையோ கொள்ளி வைப்பதையோ தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கொள்ளி வைப்பவருக்குத்தான் சொத்து என்பதும் கிடையாது. உயில் இருந்தால் உயில்படி, இல்லையென்றால் வாரிசுச் சட்டப்படி. இந்து வாரிசுச் சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு.

அந்த நவம்பர் நாளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. ஜோதிராவ் சொத்துக்கு உயில் எழுதினார், குழிகூடத் தோண்டி வைத்தார். ஆனாலும் நகராட்சி அனுமதி கிடைக்காததால் அடக்கம் நடக்கவில்லை. உறவினர்கள் மனம் ஒப்பாததால் நடுவீட்டில் தகராறு நடந்தது. அவர் மனதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால் மட்டுமே காரியம் கௌரவமாக முடிந்தது.

ஆகவே, உங்கள் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்று ஏதாவது விருப்பம் இருந்தால் அதை ஒரு தாளில் எழுதுங்கள். சடங்கு முழுவதும் வேண்டும் என்றாலும் எழுதுங்கள். வேண்டாம் என்றாலும், மகள்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்றாலும், உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்றாலும் எழுதுங்கள். எழுதியதை பீரோவில் பூட்டி வைக்காமல் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். உடல் தானம் என்றால் அந்த நேரத்தில் சம்மதம் தந்து அனுப்பி வைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சாஸ்திரப்படி செய்ய விரும்பும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. அண்டை வீட்டாராக நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது ஒன்றுதான். துக்க வீட்டில் ஒரு பெண் எழுந்து கொள்ளிச்சட்டியைக் கையில் எடுத்தால், இது வழக்கமா என்று கேட்காமல் வழிவிட்டு, அவருக்குப் பின்னால் நடப்போம்.